எண் 117

ஆய்வு விதிகளின்படி
அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
நூற்றுப் பதினேழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை
அவுட்ரமில், ஆறாம் அறுவை அரங்கில்
அவருடைய இடது முன்கையைத் திறந்தேன்.
ஒரு தமனி, ஒரு சிரை.
கருவிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் ஓடி
ஒருநாளும் பேசிக்கொள்ளாத இரண்டையும்
முடியைவிட மெல்லிய நீல இழையால் சேர்த்துத் தைத்தேன்.
கவ்வியை எடுத்ததும் விரலுக்கடியில் அந்த நடுக்கம்,
தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டுபோல.
இருபது வருஷமாகியும்
முகக்கவசத்துக்குள் நான் சிரித்துவிடுகிற இடம் அது.

பிறகு அவர் வரவில்லை.
ஆறாம் மாத ஸ்கேனுக்கு இல்லை.
பன்னிரண்டாம் மாதத்துக்கும் இல்லை.
தாதி ஹஸ்லிண்டா நான்கு தடவை அழைத்தார்.
ஐந்தாவது தடவை அந்தத் தொலைபேசி எண்
வேறு யாருடையதோ ஆகியிருந்தது.

புள்ளியியல் பார்க்கும் ஷி யூன்
வரைபடத்தைத் திரையில் போட்டாள்.
படிக்கட்டாக இறங்கும் ஒரு கோடு,
ஒவ்வொரு படியும் அடைத்துக்கொண்ட ஒரு குழாய்.
இடையிடையே குறுக்கே சின்னச் சின்னக் கீறல்கள்.
"இவங்கல்லாம் தொலைஞ்சவங்க," என்றாள்.
எனக்கு ஆரம்பப் பள்ளி இலக்கணம் ஞாபகம் வந்தது:
மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள்.

கட்டுரை வெளியானது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர், முப்பத்தொரு கீறல்கள்.
கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன்:
தொடர்ந்து வராதவர்களின் குழாய்கள்
பெரும்பாலும் செயலிழந்திருக்கலாம்.
மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர்.
ஒருவர்கூடக் கேட்கவில்லை
அந்தப் 'பெரும்பாலும்' எங்கிருந்து வந்தது என்று.

போன ஜூலையில்
பதவி உயர்வுக் கோப்பை எட்டாவது முறை திருத்திவிட்டு
தோ பாயோவில் இறங்கினேன், பசியோடு.
டுரியான் கடை. நீலக் கூடைகள், மஞ்சள் விளக்கு.
இடது கையால் பழத்தைக் கயிற்றோடு தூக்கி
வலது கையால் கத்தியை நுழைத்துப் பிளக்கிற ஆள்.
முகம் நினைவில்லை.
கை தெரிந்தது.
மணிக்கட்டிலிருந்து மேலே புடைத்தேறிய சிரை,
ஊசித் தடங்கள்,
ஓரத்தில் ஒரு தழும்பு,
என் கையெழுத்தின் அதே சாய்வில்.

அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது.
நான் எழுதிய துண்டறிக்கையில் மூன்றாவது வரி.

அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.
மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னார்:
"ஸ்கேனுக்கு வந்தா அரை நாள் போச்சு லா, டாக்டர்.
வாரத்துல மூணு நாள்
புளோக்குக்குக் கீழ இருக்கிற மெஷினுக்குக் குடுக்கிறேன்.
மிச்ச நாள்லதான் கடை."
ஓடுகிறதா என்று கேட்டேன்.
கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.
விரல் வைத்தேன்.
வண்டு இருந்தது.
"ராத்திரி இந்தக் கையைத் தலைக்கடியில வச்சுக்குவேன்.
காதுல சத்தம் கேட்டாத்தான் தூக்கம்."

அதுவும் கூடாது. நான்காவது வரி.
ஆனால் ஆயிரத்து இருநூறு இரவுகளுக்கு மேல்,
ஒன்றுகூட விடாமல்.
நாங்கள் கேட்டது இரண்டே ஸ்கேன்.

ஒரு பழத்தைப் பிளந்து கொடுத்தார்.
சிறுநீரகம் போனவர் தொடக் கூடாத பழம்.
"இந்த வருஷம் கசப்பா, இனிப்பா?
நீங்கதான் சொல்லணும், எனக்குத் தெரியாது."
கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிந்தது.
சொன்னேன்.
தலையாட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம்
அதையே தன் அனுபவம்போல் சொன்னார்.

தரவுக் கோப்பு பூட்டியாகிவிட்டது என்றாள் ஷி யூன்.
நூற்றுப் பதினேழு கீறலாகவே இருப்பார்.
மறுநாள் நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்து
என் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளானவை என்று கேட்டார்கள்.
சொன்னேன்.
மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய விரல்களை
மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன், வாசனைக்குப் பயந்து.

பதவி இன்னும் வரவில்லை.
அடுத்த ஆய்வின் முன்மொழிவு திறந்தபடி கிடக்கிறது.
முதல் பக்கத்தில் இப்போதைக்கு ஒரே ஒரு கேள்வி:
கடை எத்தனை மணிக்கு மூடும்?