பார்த்த விலங்குகள்

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக
தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும்.
கொழிஞ்சாம்பாறையில் ஏறிய முப்பத்தெட்டுப் பேரை
கோபாலபுரத்தில் ஒருமுறை எண்ணினேன்,
பொள்ளாச்சியில் ஒருமுறை.
சேத்துமடையில் காக்கிச்சட்டைக்காரர்
எனக்காக எண்ணிவிட்டு முப்பத்தேழு என்றார்.
சீட்டுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான் நிவேத்.

ஆனப்பாடி செக்போஸ்டில் பிளாஸ்டிக் வேட்டை.
மிக்சர், முறுக்கு, ஒளித்துவைத்த ஜெம்ஸ் மிட்டாய்,
எல்லாம் சாக்குக்குள் போயின. நாளைக்குத் தருவார்களாம்.
பின்சீட்டு இடுக்கிலிருந்து கடைசியாக வந்தது
நாலாய் மடித்த நீல ரப்பர் ஷீட்.
"இது ஆருட?"
காலை ஆறு மணியிலிருந்து
அந்தப் பஸ்ஸில் நான் கேட்ட முதல் அமைதி.
சாலையோரத் தேக்கு ஒன்றை
மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்ஃபியா.

பகல் முழுக்க நடந்தோம்.
பேசாமல் நடந்தால் காடு பேசும் என்றார்கள்.
முப்பத்தெட்டுப் பேர் பேசாமல் நடப்பதன் சத்தத்தில்
மூன்று மயில்கள் ஓடின.
ஒரு கருங்குரங்கு கிளையில் உட்கார்ந்து
எங்களை எண்ணியது.
யானை இருந்ததற்குச் சாட்சியாக
காய்ந்த லத்தி, அதில் முளைத்த காளான்.
அதையும் போட்டோ எடுத்தோம்.

ஒன்பதுக்கு மேல் கதவைத் திறக்கக்கூடாது.
கழிப்பறை வெளியே, நாற்பது எட்டு.
போக வேண்டுமென்றால் மணி அடிக்க வேண்டும்,
கன்னியப்பன் டார்ச்சோடு வருவார்.
பதினொன்றேகாலுக்கு
பத்தொன்பது போர்வைகளில் பதினெட்டு படுத்திருந்தன.
ஒன்று சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு
தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தது.
"தூக்கம் வரலையாடா?"
"வருது டீச்சர்."

வருது.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"எனக்கு பாத்ரூம் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு.
கூட வர்றியா?"

பதினொன்றரைக்கு ஒருமுறை பயந்தேன்.
ஒன்றரைக்கு ஒருமுறை.
மூன்றே முக்காலுக்கு மணி அடித்தபோது
கன்னியப்பன் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு கேட்டார்:
"டீச்சருக்கு சுகருண்டோ?"
உண்டு என்றேன்.

திரும்பும்போது டார்ச் சட்டென்று தரையைப் பார்த்தது.
தண்ணீர்த் தொட்டி என்று நான் நினைத்தது
மூச்சு விட்டது.
பத்தடி இருக்கும்.
தேய்ந்த நிலாவில் கொம்பின் வளைவு,
அதன் கீழே நாங்கள் மூவரும் இருக்கிறோமா
என்று யோசிக்கிற முகம்.
"சாக்ஸ் போட்டிருக்கு டீச்சர்."
ஆமாம், நாலு காலிலும் முட்டிவரை வெள்ளை.
பின்னால் ஒரு கன்று,
இன்னும் சாக்ஸ் வாங்கித் தராதது.
"காட்டி" என்றார் கன்னியப்பன், உதட்டால் மட்டும்.

அந்தக் காட்டி
நின்ற இடத்திலேயே,
எங்களைப் பார்த்தபடியே,
அவசரமே இல்லாமல், நெடுநேரம்,
சருகெல்லாம் சடசடக்க
ஒண்ணுக்கிருந்தது.

என் கைக்குள் இருந்த கை நடுங்கியது.
பயந்துவிட்டாள் என்று இறுக்கிப் பிடித்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்.
வாயை மற்ற கையால் பொத்தி,
கண்ணில் நீர் முட்ட.

காலையில் படிவம் கொடுத்தார்கள்.
பார்த்த விலங்குகள் என்றொரு கட்டம்.
ஒண்ணையும் காணோம், காசு வேஸ்ட் என்று
ஆளாளுக்குப் புலம்பல்.
நிவேத் இரண்டு முறை நாய் என்று எழுதியிருந்தான்.
அல்ஃபியா எழுதியது: மயில், கருங்குரங்கு.
அதற்குக் கீழே ரப்பரால் தேய்த்த இடம்
கொஞ்சம் மினுமினுத்தது.
எதை, எப்போது, எதற்காக விழித்திருந்தபோது
என்று அடுத்த கேள்வி வருமே.
நானும் மயில் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆனப்பாடியில் சாக்கைக் கவிழ்த்தார்கள்.
மிக்சருக்கு அடிதடி. எல்லாம் தீர்ந்தபின்
தரையில் நீலமாக அது மட்டும்.
"என்னுடையது" என்றேன்.
முப்பத்தெட்டு ஜோடிக் கண்கள்.
அவற்றில் ஒரு ஜோடி
தேக்கைப் பார்க்கவில்லை.

மலை இறங்குமுன்பே வாய் திறந்து தூங்கிவிட்டாள்.
சேத்துமடையில் எண்ணிக்கை சரியாக வந்தது.
பொள்ளாச்சியில் பஸ் நின்றதும்
எனக்கு மறுபடி பயமாக இருந்தது.
தோளைத் தட்டி எழுப்பினேன்.