குமிழி நின்றால் எடு

காவேரிப்பட்டணத்தில்
மாங்கூழ்க் கம்பெனி விட்டுப்போன குடோன்.
மழை பெய்த மறுநாள்
தரையில் பழைய சீசன் இனிக்கிறது;
எங்கிருந்தோ ஈக்கள் வந்து தேடுகின்றன.
இங்கேதான் நாற்பத்தைந்து நாள்
சுவர் வைக்கப் படிக்கிறோம், பதினாறு பேர்.

முதல் நாள் ஹெல்மெட் கொடுத்தார்கள். மஞ்சள்.
கொண்டைமேல் உட்காராமல்
கவிழ்த்த வாணலி மாதிரி ஆடியது.
அவிழ்த்துப் பின்னிப் போட்டு
தாடைக்குக் கீழ் பட்டையை இழுத்தேன்.
பதினோரு வருஷம்
சர்ஜாபுரத்திலும் ஒயிட்ஃபீல்டிலும்
இந்தத் தலைமேல் இருந்தது சும்மாடு.
அது கல் நழுவாமல் இருக்க.
இது தலைக்காம்.
தலைக்கென்று ஒன்றை
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள்.

சொல்லித்தரும் திம்மராஜுக்கு
என் மூத்தவனைவிட ரெண்டு வயசு கூட.
'பூட்ஸ் போடாம உள்ள வராதீங்க மேடம்.'
இடது பெருவிரலில் நகம் இல்லாத இடத்தைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல் போய்
அஞ்சாம் நம்பர் எடுத்து வந்தான்.

தொட்டியில் போட்டால் செங்கல் மூச்சு விடும்.
குமிழி நின்றால் எடு.
இது தெரியும்;
எத்தனை தொட்டி நிரப்பியிருக்கிறேன்!
தெரியாதது, எடுத்த பிறகு.
கல்லின் கனம் கழுத்துக்குத்தான் பழக்கம்,
எட்டெட்டாய்.
மணிக்கட்டுக்கு ஒற்றைக் கல்
ஊருக்குப் புதுசாய் வந்த ஆள்.

சர்ஜாபுரத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரம்.
கரணை சும்மா கிடந்தது.
ஒரு கல் வைத்துப் பார்த்தேன்.
கொத்தனார் வந்தார், திட்டவில்லை.
கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு
கரணையைக் கழுவினார்.

பரப்பு. வை. தட்டு.
பிதுங்கியதை வழித்தெடு.
எழுத்துப் பள்ளம் வானத்தைப் பார்க்கட்டும்.
மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் பிரி.
கல் உடைக்கும்போது கண்ணாடி,
அடுக்கினால் நெஞ்சு மட்டத்தோடு நிறுத்து.
சாந்து என் கரணையில் நிற்பதில்லை,
முழங்கை வழியாகவே வீட்டுக்குக் கிளம்புகிறது.

நானும் மெகருன்னும் ஒரு மூலை.
இதே குடோனில் மூணு சீசன்
கொட்டை பிரித்தவள் அவள்.
தொட்டியிலிருந்து தப்பிய குமிழிதான்
ரசமட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு
ரெண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கமாட்டேன் என்கிறது.
நாலாவது வரியில் சுவர்
வாசலைப் பார்த்துப் புறப்பட்டுவிட்டது.
'வயிறு தள்ளுது மேடம்.'
'ஏழு மாசம் இருக்கும்' என்றாள் மெகருன்.
சிரித்த சிரிப்பில்
கட்டியிருந்த நூல் அறுந்தது.

சாந்தில் சிமெண்ட் கிடையாது,
களிமண்ணும் மணலும்தான்.
அஞ்சு மணிக்கு எல்லாம் இடிக்கிறோம்.
மேலிருந்து ஒவ்வொன்றாய்.
உதைக்கக் கூடாது.
அந்தப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது.
சுரண்டித் துடைத்து அடுக்கும்போது
கையில் இருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தேன்.
நாற்பது சுவரில் இருந்திருக்கும்,
ஒரு வீட்டிலும் இருந்ததில்லை.
ஏதோ சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.
'பஸ்ஸு போயிடும்க்கா' என்றாள் அவள்.

முப்பத்தெட்டாம் நாள்
நிஜ சிமெண்ட் வந்தது.
பின்னால் குழாயடிக்கு மூணடி மறைப்பு.
இதை இடிப்பதில்லை என்றான் திம்மராஜ்.
கையுறை எல்லோருக்கும்.
விரல்நுனியில் சிமெண்ட் தின்ற பொத்தல்கள்
உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தன,
என்ன நடக்கிறதென்று தெரியாமல்.

கடைசிக் கல் வைத்தாயிற்று.
கையுறையைக் கழற்றிக் குழாயில் கழுவினேன்.
போகிற போக்கில்தான்
தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன்.
ஆடியது.
அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேல் ரெண்டு வரி
ஒரு நெல்மணி அளவு விலகியிருந்தது.

'பூசிட்டா யாருக்குக்கா தெரியப்போவுது?'

ஈரக் கையில் ஏறமாட்டேன் என்ற கையுறையை
பல்லால் கடித்து இழுத்து மாட்டினேன்.
சாந்து இன்னும் இறுகவில்லை.