முட்டென்ஸ் சரக்கு யார்டு, ஜூலை

கோர்டூலா வரைபடத்தை
வேகன் தட்டில் விரிக்கிறாள்.
காற்றுக்கு மூலைக்கொரு சரளைக்கல்.
பச்சை, தானாய் முளைத்த நிலம்.
ஊதா, யாரோ கொண்டுபோனது.

அவள் மொழியில் இதன் பெயர் ஓநாய்ப்பால்.
என் மொழியில் கள்ளிச் சாதி.
கிள்ளினால் இரண்டுக்கும் ஒரே வெள்ளை.

பச்சை பிரான்சில் தொடங்கி
பாசலைத் தொட்டு, ரைனைத் தாண்டி
ரஷ்யாவுக்குள் எங்கோ
நிறுத்த ஆளில்லாமல் வெளிறிப் போகிறது.
ஊதா அட்லாண்டிக்குக்கு அப்பால்.
கல்லறைமேல் நட அழகென்று
ஒரு வேரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்களாம்.
கல்லறை போதவில்லை அதற்கு.
மேய்ச்சல் நிலம் மஞ்சளாகி
மாடு வாய் வைக்காமல் ஒதுங்கி
கடைசியில் அதைத் தின்னும் புழுவையும்
இந்தப் பக்கமிருந்தே வரவழைத்தார்களாம்.
"புழுவுக்கும் வரைபடம் இருக்கா?" என்றேன்.
இருக்கிறதாம்.

என் வேலை குழாய்.
தொண்ணூற்றெட்டுப் பாகை வெந்நீர்,
தண்டவாளத்துக்கு இடையே தலைகாட்டும் எதுவும்
துவண்டு படுத்துவிடும்.
அவள் வேலை இன்று மஞ்சள் குச்சி:
குச்சி நின்றால் நான் தாண்டிப் போக வேண்டும்.
ஓநாய்ப்பாலுக்குக் குச்சி கிடைத்தது,
கறுப்பும் சிவப்புமாய் ஒரு புழு அதில் இருந்ததால்.

ஏழாம் பாதையில்
தரையோடு அப்பிக் கிடந்தது வேறொன்று.
இலை நடுவே காய்ந்த ரத்தம்போல் ஒரு புள்ளி.
"இது எங்கட அம்மான் பச்சரிசி!"
கத்தியேவிட்டேன்.
முழங்கையில் மரு வந்தபோது
பள்ளிக்கூட மதிலடியில் பிடுங்கி வைத்த பால்.

"இல்லை, அதன் ஒன்றுவிட்ட தங்கை."
போனைத் தட்டிக் காட்டினாள்.
தங்கைக்கும் சரி, அம்மானுக்கும் சரி,
பச்சை அமெரிக்காவில்.
இலங்கையும் இந்தியாவும் முழுசாய் ஊதா.

எனக்குக் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.
அம்மான் என்று முறை வைத்துக் கூப்பிட்ட பிறகு
கப்பலில் வந்தவர் என்றால் எப்படி?
"எந்த வருசம்?"
அதற்கொரு கோடு இருக்கிறதாம். ஆயிரத்து ஐந்நூறு.
முன்னே வந்தது பழைய விருந்தாளி,
பின்னே வந்தது புதியது.
"யார் போட்ட கோடு?"
சிரித்தாள். பேனாவை மூடினாள்.
"இங்கேயும் மருவுக்குத்தான் இந்தப் பாலை வைப்பார்கள்," என்றாள்,
சமாதானம் போல.

தங்கைக்குக் குச்சி இல்லை.
குழாயைத் திறந்தேன்.
ஆவி அடங்கியதும்
அவித்த கீரை மணந்தது.

பதினொரு மணி வெயிலில்
மஞ்சள் குச்சியடியில் ஓநாய்ப்பாலின் காய் ஒன்று
டப்பென்று வெடித்தது.
விதை என் சப்பாத்தில் பட்டுத் தெறித்து
ரொட்டர்டாம் துறைமுகம் போகும்
வேகனின் படியில் போய் உட்கார்ந்தது.
கோர்டூலா குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.
நானும் சொல்லவில்லை.