மூன்று பவுண்டு குறைகிறது

டுலூத் நகரத்தில், ஏரி தெரியாத ஜன்னலுக்குக் கீழே
என் மேஜை.
டாக்டர் எழுதுவார், நான் கெஞ்சுவேன்.
அதுதான் உத்தியோகம்.
படிவத்தில் அதற்கு ‘முன் அனுமதி’ என்று பெயர்.

வெர்னா கோஸ்கி, ஐம்பத்தாறு வயது,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், தடம் பதினேழு.
போன வருடம் இருநூற்று நாற்பத்தெட்டு பவுண்டு.
சீட் பெல்ட்டுக்கு ஒரு ஒட்டு வாங்கி
பிள்ளைகள் ஏறுமுன் மாட்டிக்கொள்வாள்
கடைசிப் பிள்ளை இறங்கியதும் கழற்றி
இருக்கைக்கு அடியில் ஒளிப்பாள்.

வாரம் ஒரு ஊசி.
முதல் மாதம் வாந்தி.
மூன்றாம் மாதம் சொன்னாள்:
‘சமையலறையில் யாரோ ஓயாமல்
என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.
எழுந்து போய்விட்டார்கள்.’

இப்போது நூற்று எண்பத்து மூன்று.
இப்போதுதான் கடிதம் வந்தது:
தங்கள் உடல் நிறைக் குறியீடு
முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டபடியால்
இம்மருந்து தங்களுக்கு
மருத்துவரீதியாகத் தேவையில்லை.
அன்புடன் என்று முடித்திருந்தார்கள்.
கையெழுத்தும் அச்சு.

கூப்பிட்டேன். நாற்பத்தோரு நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு லாமார் என்றொரு மென்மையான குரல்.
‘மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறதே, வாழ்த்துகள்.’
‘அதனால்தான் கேட்கிறேன்.’
‘அதனால்தான் மறுக்கிறோம், மேடம்.’
நடுவில் இருமினான்.
அவனுக்கும் எங்கோ ஒரு மேஜை இருக்கும்,
எதுவும் தெரியாத ஜன்னல்.
கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை.
‘முப்பதைத் தொட்டால் மறுபடி பார்க்கலாம்’ என்றான்.

அவள் உயரத்துக்கு முப்பது என்றால் நூற்று எண்பத்தாறு.
பிறந்ததிலிருந்து முதல் தடவையாக
வெர்னாவுக்கு எடை போதவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
பூட்ஸைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள்.
மெல்லிய மேல்சட்டையை மட்டும் கழற்றவில்லை.
இரண்டு பைகளும் தொங்கின.
எந்திரத்தில் ஏறும்போது உள்ளே சில்லறை முனகியது.
நர்ஸ் பெல்லாங்கர் சுவர்ப்பக்கம் திரும்பி
நாள்காட்டியை வாசித்தாள்,
மார்ச் மாதம் முழுவதையும்.
பிறகு குனிந்து பார்த்து எழுதினாள்:
நூற்று எண்பத்தாறு.

தாள் என்னிடம் வந்தது.
ஒன்று போட்டேன், எட்டு போட்டேன்.
அடுத்த எண்ணுக்குமுன் பேனா நின்றது,
வாசலில் வெர்னா.

தாள் சுற்றிய கால் டாலர்கள், ஆறு சுருள்,
ஒவ்வொன்றாக என் மேஜைமேல் வைத்தாள்.
‘சலவைக்கடைக் காசு. சுருளுக்கு அரை பவுண்டு.
எண்பத்து மூன்று என்றே போடு.
இறக்கினதைப் பையில் போட்டு
மறுபடி சுமக்க எனக்குத் தெம்பில்லை.’

கதவுவரை போனவள் திரும்பினாள்.
‘நவம்பரில் டயருக்குச் சங்கிலி மாட்டுகிறோம்.
ஜனவரி முழுக்க மிசாபா ஏற்றத்தில்
வண்டி ஒரு தடவைகூட வழுக்கவில்லை.
அதற்காக பிப்ரவரியில்
சங்கிலியைக் கழற்றச் சொல்வானா எவனாவது?
எழுது, இதையும் எழுது.’

எழுதினேன்.
‘மருத்துவ நியாயம்’ என்ற சிறிய கட்டத்துக்குள்
ஒரு பேருந்து, பனி, நான்கு சங்கிலி.
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதினேன்.
ஃபேக்ஸ் எந்திரம் மென்று விழுங்கிவிட்டு
‘பெறப்பட்டது’ என்று துப்பியது.

ஐந்து சுருளை எடுத்துப்போனாள்.
மறந்த ஒன்று என் காகிதங்களின்மேல்
காற்றுக்குக் காவலாக இருக்கிறது.
அதைப் பார்த்துப் பார்த்து ராத்திரி கணக்குப் போட்டேன்:
ஒரு மாத மருந்து ஆயிரத்து முந்நூறு டாலர்.
கால் டாலர்களாக அடுக்கினால் நூற்று முப்பது சுருள்.
அறுபத்தைந்து பவுண்டு.
அவள் இறக்கிவைத்த அதே அறுபத்தைந்து.
தப்பாக இருக்கும் என்று
இன்னொரு தடவை போட்டேன்.

பதில் வேலைநாள் முப்பதுக்குள் வருமாம்.
அங்கேயும் முப்பது.
வெர்னா வீட்டு ஃப்ரிட்ஜில்
வெண்ணெய்க்குப் பக்கத்தில்
இன்னும் இரண்டு ஊசி.