நாற்பது அடி

எழுதிக்கொள்ளுங்கள் வக்கீல் ஐயா.
ஆல்வின் ஸ்டக்விஷ், மருந்துக்கடை,
இண்டியானா மாநிலம், மெல்ரிக் என்ற சிற்றூர்.
என் கடைச் சுவரில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன.
இடப்பக்கம் மாநிலக் கம்பெனி: வாதுமைப் பலகை, பித்தளை மணி.
வலப்பக்கம் உழவர் கம்பெனி: பைன் பெட்டி,
பாதி வழி முள்வேலிக் கம்பியில் ஓடிவரும் குரல்.
மழை பிடித்தால்
ஊரே தண்ணீருக்குள் நின்று பேசும்.

இரண்டுக்கும் சந்தா கட்டினேன்.
ஒன்று மற்றதோடு பேசாது.
இணைப்பகங்கள் இரண்டும் எதிரெதிர் மாடிகளில்,
நடுவே சாலை.
நாற்பது அடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை
கட்டுத்துணிச் சுருளை உருட்டி நானே அளந்தேன்.

ஆகவே நான் கம்பியானேன்.
இந்தக் காதில் வாங்கி அந்த வாயில் போடுவேன்:
பன்றி விலை ஏழேகால்.
ஈஸ்ட் மறக்காதே.
மாமா நேற்றிரவு போய்விட்டார், சனிக்கிழமை அடக்கம்.
ஒரு மார்ச் மாலை
ஹுல்டா கிராட்ஸ் உழவர் பெட்டியில் விசும்பிச் சொன்னதை
மாநிலப் பெட்டியில் எமில் நோயரிடம் உரக்கச் சொன்னேன்:
"சரி. உன்னையே கட்டிக்கொள்கிறேன்."
இருமல் மருந்துக்கு நின்ற நாலு பேரும் திரும்பினார்கள்.
என் மனைவியும்.

கணக்கு எனக்குப் புரியும், குன்றிமணி எடை நிறுப்பவன்.
ஒற்றைத் தொலைபேசி சுவரில் மாட்டிய மரம்.
இரண்டிருந்தால் ஒரு பேச்சு.
பத்திருந்தால் நாற்பத்தைந்து.
புதிதாகச் சேரும் ஒவ்வொருவனும்
முன்பே சேர்ந்த அத்தனை பேருக்கும்
தெரியாமலே எதையோ கொடுக்கிறான்.
அதற்கு அவன் கையில் ரசீது இல்லை.
பணம் கம்பெனிப் பேரேட்டில் ஏறுகிறது.

பிறகு அந்தக் குளிர்காலம்.
மாநிலக் கம்பெனி சொன்னது: கடைகளுக்கு ஒரு வருடம் இலவசம்.
எங்கள் தெருவுக்கு மட்டும்.
உழவர் கம்பெனி எட்டாத பக்கத்து ஊரில்
அதே பெட்டி, அதே மணி, மாதம் மூன்று டாலர்.
முதலில் கசாப்புக்காரர் பைன் பெட்டியைக் கழற்றினார்.
அடுத்து நாவிதர். பிறகு பல் வைத்தியர்,
பேச ஆளில்லாத பெட்டிக்கு எதற்கு வாடகை என்று.
யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன்.
ஒவ்வொருவரும் சரியாகத்தான் யோசித்தார்கள்.
ஊர்தான் தப்பாகப் போய் முடிந்தது.
கடைசியில் நானும்.
சுவரில் நாலு ஆணித் துளைகள்.

வசந்தத்தில் உழவர் கம்பெனி விலைபோனது.
பொய் சொல்ல மாட்டேன்: சுகமாக இருந்தது.
ஒரே பெட்டி, எல்லோரும் அதில்.
என் தொண்டைக்கு ஓய்வு.
சந்தா ஒன்று எண்பது. தீபோல் இரண்டு நாற்பது.
அப்புறம் மூன்று.
முள்வேலிப் பண்ணைகளுக்குக் கம்பி இழுத்தால்
கட்டுப்படியாகாது என்று ஒரு கடிதம்.
ஹுல்டாவும் எமிலும் இப்போது அங்கேதான் குடியிருக்கிறார்கள்,
தொலைபேசி இல்லாத வீட்டில்.

அதோ, கம்பெனி வக்கீல் எழுகிறார்.
ஒரு தெருவுக்கு இரண்டு வரிசைக் கம்பம் வீண் என்பார்.
ஊரே விரும்பித் தேர்ந்தது என்பார்.
இரண்டும் உண்மைதான்; என்னால் மறுக்க முடியாது.
எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று நீங்கள் கேட்கிறீர்கள்.
அதற்கும் என்னிடம் தொகை இல்லை.

நான் கேட்டது இரண்டாவது கம்பெனியை அல்ல.
முதலாவதையும் அல்ல.
நாற்பது அடி செம்புக் கம்பி.
இரண்டு கடிதம் போட்டேன்.
தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது என்று
இரண்டு பதிலும் ஒரே தட்டச்சில்.

அந்த மார்ச் மாலைக்கு மறுநாள்
ஹுல்டா மறுபடி அழைத்தாள், தானே பேசவேண்டும் என்று.
இரண்டு கயிறுகளையும் குறுக்காக இழுத்தேன்.
இதன் காதை அதன் வாயில்,
அதன் காதை இதன் வாயில்
வைத்து அழுத்தி, கைகளை விரித்து,
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.

எட்டு நிமிடம் பேசினார்கள்.
தோள் கடுத்தது.
வேறொன்றும் ஆகவில்லை.