மல்லாந்த நண்டு

நாலரைக்கு அலாரம்.
மண்டபம் போகிற கம்பெனி வேன் ஆறு மணிக்குத்தான்.
நடுவில் உள்ள நேரம்
சிமெண்டுத் தரைக்கும் என் முதுகுக்கும்.

போர்வையை நாலாக மடித்துப் போட்டு
மல்லாக்கப் படுக்கிறேன்.
முழங்கால்கள் கூரையைப் பார்க்க
கைகள் கூரையைப் பார்க்க
நாள் முழுக்க நான் ஓடுடைத்துச் சதையெடுக்கிற
அதே நண்டு மாதிரி.

"வலி இடது கால்லதானே,
வயித்துக்கு எதுக்கு வேலை?" என்றேன்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்.
பிசியோதெரபி அறை ஜெஸிமா
சிரிக்கவில்லை.
"ஒத்தக் கால்ல நில்லுங்க."
மூன்று எண்ணுமுன் மேசையைப் பிடித்தேன்.
"நடு ஆடுதுக்கா. கால் என்ன செய்யும் பாவம்."

எட்டு வருடம் நின்றே வேலை.
ஐஸ் தண்ணீர் தேங்கிய தரை,
ரப்பர் பூட்சுக்குள் ஊறும் பாதம்.
பாரத்தையெல்லாம் வலது காலுக்கே கொடுத்து வந்தேன்.
இடது கால்
கடைசிப் பந்தியில் உட்காரவைத்த சொந்தக்காரனாய்
ஒருநாள் கோபித்துக்கொண்டது.
பின்தொடையில் ஒரு கம்பி.
கெண்டைக்கால் வரை சூடு,
அப்புறம் மரமரப்பு.

தொப்புளை முதுகெலும்புப் பக்கம் இழு.
மூச்சை அடக்காதே.
இடது கை தலைக்குப் பின்னால்,
வலது கால் முன்னால்,
தரை தொடாமல் நீட்டு.
முதுகுக்கும் தரைக்கும் நடுவே
எறும்பு போக இடம் இருக்கக் கூடாது.
எண்ணு பத்து.

முதல் வாரம் நாலிலேயே
கப்பலுக்குத் தூக்கிய பாம்பன் பாலம்
என் முதுகு.
எறும்புக் கூட்டம் ஹாரன் அடித்துப் போகலாம்.

பார்த்துக்கொண்டே பல் தேய்த்த கிளாட்வின்
"அப்படியே கொதிதண்ணியில போட்டுடப் போறாங்கம்மா" என்றான்.
சிரித்ததில் வயிறு இறுகியது.
இருமும்போது, சிரிக்கும்போது
தானாக இறுகுமே ஒரு இடம்,
அதைப் பிடிங்க என்று ஜெஸிமா சொன்னது
அப்போதுதான் பிடிபட்டது.

சேசுராஜ் வள்ளத்தில் நிற்பதைக்
கரையிலிருந்து பதினாறு வருடம் பார்த்திருக்கிறேன்.
அலை தூக்கும்.
முழங்கால் கொஞ்சம் மடங்கும்.
மேலுடம்பு மட்டும் நட்ட கம்பாய் அப்படியே.
"நடுக்கடல்ல என்னத்தப் புடிக்க,
நம்மளத்தான் நாம புடிச்சுக்கணும்" என்பார்.
பெரிய தத்துவமென்று நினைத்திருந்தேன்.
மனுஷன் இடுப்பைத்தான் சொல்லியிருக்கிறார்.

வலி போய்விடவில்லை.
வாடைக்காற்று நாட்களில்
கம்பி இன்னும் சுடுகிறது.
வேனில் ஏறச் சிந்தாத்திரை
இப்போதும் கை கொடுக்கிறாள்.

நேற்று சாயங்காலம்
தங்கச்சிமடத்தில் இறங்கி
மணலோடு வீட்டுக்கு நடந்தோம்.
செருப்புக்குள் ஒரு சிப்பித் துண்டு.
வலது காலைத் தூக்கினேன், கழற்றினேன்,
உதறினேன், மாட்டினேன்.
நாலைந்து அடி போன பிறகுதான் உறைத்தது,
யார் தோளையும் பிடிக்கவில்லை.
நின்றது இடது காலில்.

திரும்பிப் பார்த்தேன்.
மணலில் அந்த ஒரு தடம் மட்டும்
கொஞ்சம் ஆழம்.

சிந்தாத்திரையிடம் சொல்லவில்லை.
காலையில் கை நீட்டுவாள்.
பிடித்துக்கொண்டே ஏறுவேன்.