மொட்டைக்கறுப்பனில் ஓர் ஏ

இரவு ஒன்பதே கால்.
அறிவியல்நகரில் மின்சாரம் போய், வந்து, மறுபடி யோசிக்கிறது.
வரம்பில் ஆளைக் கண்ட ஆட்காட்டி மாதிரி
யூபிஎஸ் கத்துகிறது.
"சேவ் பண்ணினனீங்களோ?" என்கிறான் பிறேமகாந்தன்.
பண்ணேல்லை.

ஆகவே திரும்பவும் முதலிலிருந்து.
மரபணுவைப் பெட்டிக்குள் ஒட்டுகிறேன்.
நாலே நாலு எழுத்து: ஏ, ரி, ஜி, சி.
இடைவெளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை.
பூநகரியில் கடல் ஏறிய வயல்களுக்காக,
உப்பைக் கண்டதும் சோர்ந்துபோ என்று
பயிருக்குள் இருந்து சொல்கிற ஒரு சொல்லை
அழிக்கவேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

மென்பொருளுக்கு அவசரம் இல்லை.
டொங்கிளின் ஒற்றைக்கோட்டு இணையத்தில் சக்கரம் சுற்றுகிறது.
நான் கச்சான் உடைக்கிறேன்.
கோது விசைப்பலகைக்குள் விழுகிறது.

வந்துவிட்டது பட்டியல்.
நாற்பத்தொரு வழிகாட்டிகள், ஒவ்வொன்றும் இருபது எழுத்து,
பக்கத்தில் சோதனைத்தாள் மாதிரிப் புள்ளி.
முதலாவதுக்கு எண்பத்தெட்டு.
கத்தரி வெட்டவேண்டிய இடம் ஒன்று.
தவறி வெட்டக்கூடிய இடங்கள் பதினொன்று:
மூன்று எழுத்துப் பிசகில் பத்து,
இரண்டே எழுத்துப் பிசகில்,
ஏழாம் நிறமூர்த்தத்தில், சிவப்பாய், ஒன்று.

என்னோடு அறை எடுத்திருக்கும் இன்பவதனி
முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறாள்.
முழங்காலில் நின்று, நாளுக்கு ஒரு பாய் அகல நிலம்.
"உனக்கென்ன, பிழைச்சால் திரும்ப அழுத்தலாம்" என்றாள் ஒருநாள்.
பிறகு திரையை எட்டிப் பார்த்து,
"உது ஆற்றை வரைபடம்?"

யப்பான் நெல்லினது, என்றேன்.
முதலில் முழுதாய் வாசித்த நெல் அதுதான்.
"நீங்கள் வெட்டப்போறது?"
மொட்டைக்கறுப்பன்.
தலைக்கு எண்ணெய் வைத்தபடி சிரித்தாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

இன்று பின்னேரம் கொழும்பிலிருந்து கோப்பு வந்தது.
கறுக்காய்தீவுப் புஷ்பமலர்
மருந்துக்கடை உறையில் மடித்துத் தந்த நெல்லை
முளைக்கவைத்து, இலை அரைத்து, அனுப்பிய எழுத்துகள்.
இரண்டையும் மேலும் கீழுமாய் அடுக்கினேன்.
சரி. சரி. சரி. சரி.
வழிகாட்டி முடிகிற இடத்துக்கு அப்பால்
கத்தரி கால் ஊன்ற இரண்டு ஜி வேண்டும்.
யப்பானில் இருக்கிறது.
எங்கள் நெல்லில் ஒரு ஜி,
பக்கத்தில் ஓர் ஏ.

எண்பத்தெட்டுப் புள்ளி எடுத்தது
இல்லாத வாசலில் போய் நிற்கும்.
வெட்டாது.
அல்லது, அந்தச் சிவப்பில் மட்டும் வெட்டும்.
இதை மென்பொருள் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

"ஓடர் போட்டாச்சு" என்கிறான் பிறேமகாந்தன்,
"நேற்றே. இருபத்தாறாயிரம்.
பேராசிரியருக்கு ஆர் சொல்றது?"
நான்தான்.

ஆனால், சொல்ல வெட்கம், உள்ளே கொஞ்சம் சந்தோஷம்.
அந்த ஏ.
ஒருவரும் கை வைக்காமல், எப்போதோ ஒரு மாரியில்
தானாய்ப் பிசகி, பிசகினபடியே கதிராகி,
அவிந்து, இடிபட்டு, பிட்டாகி,
விதையாய் மட்டும் தப்பி
உழவு இயந்திரப் பெட்டியில் சனத்தோடு சனமாய்
ஊர் ஊராய் ஏறி இறங்கி,
புஷ்பமலரின் கைக்கு வந்து,
என் திரையில் இப்போது
பச்சை வரிசை நடுவே மஞ்சளாய் நிற்கிறது.
அதற்குத் தான் பிழை என்று தெரியாது.

யப்பானை மூடினேன்.
எங்கள் கோப்பை ஏற்றினேன்.
சக்கரம் சுற்றிச் சுற்றி, பத்தரைக்கு ஒன்று தந்தது.
ஐம்பத்தொன்பது புள்ளி. சிவப்பு இல்லை.
இரண்டு ஜி இருக்கிறதா என்று
திரையில் விரல் வைத்து எண்ணினேன். இருக்கிறது.

சேவ் பண்ணினேன்.
கோப்புக்குப் பெயர் அடிக்கையில் பார்த்தால்
கச்சான் கோது மாட்டின விசையில்
ஜி அழுத்த
இரண்டு ஜி விழுகிறது.